‘அடி’க்கு முன்னால் நிற்கும் சொல்

“மூணு நாளா காய்ச்சல் அடிக்குது.” “நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது.” “அடிவயிறு வலிக்குது டாக்டர்.” “வண்டியில போறப்ப அடிபட்டிடுச்சு.” “கரண்ட் அடிச்சிடுச்சு.” “புண்ணுல வாடை அடிக்குது.” “அடிக்கடி ஒண்ணுக்குப் போறேன்.”

டெல்டா மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் ஓ.பி.யில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் இத்தனையும் காதில் விழும். நமக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து கேட்கிறவர் போன மாதம் ராஜஸ்தானிலிருந்தோ தெலங்கானாவிலிருந்தோ வந்து சேர்ந்த டாக்டராக இருந்தால், இந்த வாக்கியங்கள் எல்லாவற்றிலும் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் ‘அடி’. அதற்கு அவருடைய செல்போன் சொல்லிக்கொடுத்திருக்கும் பொருளும் ஒன்றே ஒன்று.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலைப் படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதனால் எம்.டி., எம்.எஸ். படிக்க வெளிமாநிலப் பிள்ளைகள் வருடா வருடம் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் இந்தப் பிள்ளைகள்தான் மாறி மாறிக் குடியிருக்கிறார்கள். “ஆன்ட்டி, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வரப்போய், அது சாயங்கால வகுப்பாகவே ஆகிவிட்டது. என் நாத்தனார் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அண்ணி வந்துவிட்டால் வகுப்பு அவர் கைக்குப் போய்விடும். நான் இலக்கணம் சொல்வேன், அவர் வார்டைச் சொல்வார். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளிமாநிலத்தவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் இப்போது நிறைய ஊர்களில் இருக்கிறார்கள். வங்கியில், ரயில்வேயில், கட்டட வேலை நடக்கிற இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் இதைச் செய்துகொண்டுதான் இருப்பார். அவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் இந்த ஒரு சொல்லோடு நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

முதலில் பதிவேட்டுக் கதை. ஊரெல்லாம் சிக்குன்குனியா மாதிரி ஒரு காய்ச்சல் இருந்த நேரம். வயல் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இரவில் கேஷுவால்டிக்கு வந்து, “உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க” என்றிருக்கிறார். பணியில் இருந்தது எங்கள் மாடியில் இருந்த ராஜஸ்தான் பையன். அவனுக்கு ‘உடம்பு’ தெரியும், ‘அடிச்சு’ தெரியும். உடனே “யாரு அடிச்சாங்க?” என்று கேட்டிருக்கிறான். பெரியவர் திகைத்துப்போய், “யாரும் அடிக்கலீங்களே” என்று சொல்ல, பயந்துபோய் மறைக்கிறார் என்று இவன் நினைத்துவிட்டான். விபத்துப் பதிவேட்டை (ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது ‘ஏ.ஆர்.’) இழுத்து வைத்துப் பேனாவைத் திறக்கிற நேரத்தில் சிஸ்டர் வந்து பதிவேட்டை மூடியிருக்கிறார். “டாக்டர், அவருக்குக் காய்ச்சல். ‘மாதிரி’ன்னு சொன்னாரே, காதுல விழலையா?”

விழாதுதான். புதிதாக மொழி கற்கிறவருக்குத் தெரிந்த சொல் வெளிச்சம் போட்டமாதிரி தெரியும், தெரியாத சொல் இருட்டில் போய்விடும். அந்த வாக்கியத்தின் உயிர் ‘மாதிரி’யில் இருக்கிறது. அன்றைக்கு வகுப்பில் ‘அடி’யை ஓரமாக வைத்துவிட்டு ‘மாதிரி’யை மட்டும் நடத்தினேன். நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி, தொண்டையில் முள் மாட்டின மாதிரி. நம் ஊர்க்காரர் வலியைச் சொல்வதே இப்படித்தான். மாதிரி என்று காதில் விழுந்தால் அதற்கு முன்னால் சொன்ன எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அப்புறம் ‘அடி’க்கு வந்தோம். அகராதி எண் போட்டுப் பொருள்களை அடுக்குவதுபோல இதை நடத்தினால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்று முதல் இருபது வரை எழுதிப் போட்டால் நாலாவதற்குள் பிள்ளைகள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் சொன்ன வழி வேறு: ‘அடி’யைப் பார்க்காதே, அதற்கு முன்னால் நிற்கிற சொல்லைப் பார். வேலை முழுக்க அந்தச் சொல்தான் செய்கிறது. பெயிண்ட் என்றால் பூசுவது, மணி என்றால் ஒலிப்பது, ஆணி என்றால் இறக்குவது, மொட்டை என்றால் மழிப்பது, கல்யாணப் பத்திரிகை என்றால் அச்சிடுவது, சைக்கிள் டியூபுக்குக் காற்று என்றால் நிரப்புவது, அரட்டை என்றால் பேசிக்கொண்டே இருப்பது. ‘அடி’ இந்த எல்லா இடங்களிலும் கூட வந்து நிற்கிறது.

அடுத்து, ‘ஐ’ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பேச்சில் அது தேய்ந்து ‘அ’வாகக் கேட்கும். அவன, பையன, மாட்ட, பாம்ப. ஆளுக்கோ மாட்டுக்கோ பாம்புக்கோ பின்னால் அந்த ஒலி இருந்துவிட்டால் அது உண்மையான அடி. “பாம்ப அடிச்சாச்சு” என்றால் அந்தப் பாம்பு செத்துவிட்டது, பெரும்பாலும் ஒரு உரச் சாக்கில் சுற்றிக் கூடவே கொண்டுவந்திருப்பார்கள், பிரிக்கிறபோது தள்ளி நில்லுங்கள் என்று அண்ணி சேர்த்துக்கொண்டார். இந்தியாவில் போடுகிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலுக்கும் பொதுவானது. பாம்பைத் துரத்திப் போய் அடித்துக் கொண்டுவரத் தேவையே இல்லை, நேரம்தான் வீணாகிறது என்று ஊர் ஊராகச் சொல்லியும் சாக்கு மூட்டைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

‘ஐ’யும் இல்லை, செய்கிற ஆளும் இல்லை என்றால் அது தானாக நடப்பது. வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், வாடை அடிக்கும், காய்ச்சல் அடிக்கும், ஷாக் அடிக்கும், லாட்டரிகூட அடிக்கும். “காத்துக் கருப்பு அடிச்சிடுச்சு”, “முனி அடிச்சிடுச்சு” என்பதும் இந்த வரிசைதான். இதைக் கேட்டால் சிரிக்காதீர்கள் என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். ராத்திரி வயலுக்குப் போனவர் திடீரென்று சுருண்டு விழுந்தார் என்பதைத்தான் அந்த வீட்டார் அப்படிச் சொல்கிறார்கள். பக்கவாதமா, வலிப்பா, பாம்புக்கடியா என்று பார்க்க வேண்டியது டாக்டருடைய வேலை. எத்தனை மணிக்கு முனி அடித்தது என்று கேளுங்கள், அந்த நேரம் உங்களுக்கு வேண்டும் என்றார். பக்கவாதத்துக்கு நேரம்தானே எல்லாம்.

தமிழ் தெரியாத பிள்ளைகள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் வீட்டிலேயே பாதித் தமிழ் இருக்கிறது. இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன், கவனித்த பிறகு வகுப்பு எளிதாகிவிட்டது. ராஜஸ்தான் பையனிடம், கண்ணடிப்பதற்கு இந்தியில் என்ன என்று கேட்டேன். ‘ஆங்க் மார்னா’. அரட்டை அடிக்க? ‘கப் மார்னா’. நாற்றம் அடிக்க? ‘பத்பூ மார்னா’. பக்கவாதம் தாக்குவதற்கு? ‘லக்வா மார்னா’. சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. ‘மார்னா’ என்றால் அடிப்பது, கொல்வது. அவன் ஊரில் நாற்றம் ‘மாரலாம்’ என்றால் எங்கள் ஊரில் வாடை அடிக்கக் கூடாதா? தெலுங்குப் பெண்ணுக்கு ‘கொட்டு’ இருந்தது. கண் கொட்டுவது, விசில் கொட்டுவது, நீச்சல் கொட்டுவது எல்லாம் அங்கே உண்டு. கன்னடத்தில் ‘ஹொடெ’ இதே வேலையைச் செய்கிறது. மலையாளப் பையனுக்கு ‘அடி’யே இருந்தது. அவனுக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மலையாளத்தில் அடித்து வாருவது என்றால் பெருக்குவது. அவன் வார்டில் துப்புரவு வேலை செய்கிற அம்மாவிடம் “ரூம் அடிச்சாச்சா?” என்று கேட்க, அந்த அம்மா, வெள்ளையடிப்பதெல்லாம் பொதுப்பணித் துறை வேலை தம்பி, எங்களைக் கேட்காதீங்க என்று சொல்லிவிட்டாராம்.

சொந்த மொழி பாலமாக இருக்கிற இடத்திலேயே குழியும் இருக்கும். இதற்கு ‘மருந்து’ ஒன்று போதும்.

விவசாயி ஒருவரை அவர் மனைவி கூட்டிவந்திருக்கிறார். “காலையில மருந்து அடிச்சாருங்க. மத்தியானத்துலேருந்து ஒரே வாந்தி. வேர்வையா ஊத்துது.” ஓ.பி.யில் இருந்தது தெலுங்குப் பெண். தெலுங்கில் ‘மந்து’ என்றால் மருந்து. அதே ‘மந்து’ சாராயமும்கூட. ‘மந்து கொட்டடம்’ என்றால் வயலுக்கு மருந்து தெளிப்பதையும் சொல்லலாம், நண்பர்களோடு உட்கார்ந்து குடிப்பதையும் சொல்லலாம். ஹைதராபாத்தில் ஹாஸ்டலில் வளர்ந்த பெண்ணுக்கு எது முதலில் நினைவுக்கு வரும்? காலையிலேயே குடித்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டாள். ஆனால் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடக்கிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. சாராய வாடை துளியும் இல்லை. பூச்சிமருந்து என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எழுதியதை அடித்துவிட்டு (பாருங்கள், இங்கேயும் வந்துவிட்டது) சிகிச்சையைத் தொடங்கிவிட்டாள். ஆனால் மொழி எங்கே தடுக்கியது என்று சாயங்காலம் வந்து கேட்டாள்.

அதிலிருந்து மருந்துக்கென்று தனியாக ஒரு வகுப்பு வைத்துவிட்டோம். “மருந்து அடிச்சான்” என்றால் வயலில் தெளித்தான், கைத்தெளிப்பானா பவர் ஸ்பிரேயரா, முகத்தில் துணி கட்டியிருந்தாரா, காற்றுக்கு எதிரே நின்று அடித்தாரா என்று கேட்க வேண்டும். “மருந்து சாப்பிட்டேன்” என்றால் நீங்கள் எழுதிக்கொடுத்த மாத்திரையோ டானிக்கோ. “மருந்து போட்டுக் கட்டினாங்க” என்றால் புண்ணுக்கு. “மருந்து வச்சிட்டாங்க” என்றால் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்து வசியம் செய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை, இதற்கு ரத்தப் பரிசோதனை எழுத வேண்டாம், கொஞ்சம் உட்காரவைத்துப் பேசவிட்டால் போதும். “மருந்து குடிச்சிட்டான்” என்று யாராவது சொன்னால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். டானிக் குடித்ததை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்த ஐந்தையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பிள்ளைகளைத் தூக்கத்திலும் சொல்ல வைத்துவிட்டார் அண்ணி.

ஏ.ஆர். பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நீதிமன்றம் வரை போகிற காகிதம். யார் அடித்தார்கள், எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, கட்டையாலா கையாலா, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று நோயாளி சொன்னபடி எழுத வேண்டும். இங்கே ‘அடி’க்குப் பின்னால் ஒட்டுகிற சொல் முக்கியமாகிவிடுகிறது. ‘அடிச்சாங்க’ என்றால் அடித்த ஆள் உண்டு. ‘அடி வாங்கினான்’ என்றாலும் உண்டு, சொல்கிறவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருக்கலாம். ‘அடிச்சுக்கிட்டாங்க’ என்றால் இரண்டு பக்கமும் கை நீண்டிருக்கிறது, இன்னொரு கோஷ்டி எதிர்க் கட்டிலுக்கு வந்துகொண்டிருக்கலாம், தள்ளிப் படுக்கவையுங்கள்.

‘அடிபட்டிடுச்சு’ என்பதுதான் கவனிக்க வேண்டியது. ‘படு’ சேர்ந்துவிட்டால் செய்தவர் மறைந்துபோவார். வண்டியிலிருந்து விழுந்தாலும் அடிபடும், கதவு இடித்தாலும் அடிபடும், புருஷன் விறகுக்கட்டையை எடுத்தாலும் அந்த அம்மா சொல்வது ‘அடிபட்டிடுச்சு’தான். பொய் சொல்கிறாள் என்று சொல்ல முடியாது, அடி பட்டது உண்மைதானே. மொழி அவளுக்கு ஒரு மறைப்புத் துணி கொடுத்திருக்கிறது. அண்ணி சொல்லிக்கொடுத்த முறை இது: ‘அடிபட்டிடுச்சு’ என்று ஒரு பெண் சொன்னால், கூட வந்த ஆளை “சீட்டு வாங்கிட்டு வாங்க” என்று வெளியே அனுப்பு. அப்புறம் “எப்படிம்மா பட்டுச்சு?” என்று கேள். “யாரு அடிச்சா?” என்று எடுத்தவுடன் கேட்காதே, “யாருமில்ல, வழுக்கி விழுந்தேன்” என்று கதவு மூடிக்கொள்ளும். ‘எப்படி’ என்று கேட்டால் மெதுவாகச் சொல்வார்கள். சொல்லாமலும் போவார்கள். காயம் இருக்கிற இடத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும். இதை அவர் சொல்லும்போது நான் குறுக்கே இலக்கணம் பேசவில்லை.

இதே ‘அடிச்சுக்கிட்டேன்’ தாய்மார் வாயில் வந்தால் வேறு கதை. “குடிக்காதடா குடிக்காதடான்னு அடிச்சுக்கிட்டேன், கேக்கலையே” என்று கல்லீரல் வார்டில் ஒரு அம்மா அழுதால், அவர் யாரையும் அடிக்கவில்லை, தன்னையும் அடித்துக்கொள்ளவில்லை. சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார் என்று பொருள்.

குடி என்றதும் ‘தண்ணி அடிப்பது’ பற்றிச் சொல்லியாக வேண்டும். டாக்டர் “தண்ணி அடிப்பீங்களா பாட்டி?” என்று கேட்க, பாட்டி “ஆமாய்யா, தெனம் பத்துக் குடம் அடிப்பேன்” என்று அடிபம்பை நினைத்துச் சொன்ன கதை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பிள்ளைகளும் தங்களுக்கே நடந்ததுபோல அதைச் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியால் வருகிற உண்மையான சிக்கல் வேறு. ‘தண்ணி அடிப்பது’ கூட்டாளிகளுக்குள் பேசுகிற பேச்சு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் மருமகளோடு வந்து உட்கார்ந்திருக்கிற அறுபது வயது மனிதரிடம் இருபத்தாறு வயதுப் பையன் அப்படிக் கேட்டால் அவர் “அதெல்லாம் கிடையாது” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேஸ் ஷீட்டில் பழக்கமில்லை என்று ஏறிவிடும். மூன்றாம் நாள் கை நடுங்கிப் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் உண்மை தெரியவரும்.

அண்ணியின் கேள்வி இது: “ஐயா, எப்பவாச்சும் கொஞ்சம் சாப்பிடறது உண்டுங்களா?” கேட்கிற தொனியிலேயே எது என்று அவருக்குப் புரிந்துவிடும். “எப்பவாச்சும்தான்” என்று பதில் வரும். எப்பவாச்சும் என்றால் தினமும் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அளவு. குவாட்டர் என்றால் 180 மில்லி. கட்டிங் என்றால் அதில் பாதி, இன்னொருவரோடு பங்கு போட்டது. ஆஃப் என்றால் 375. இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் கணக்கு எழுதிவிடலாம். பீடி, சிகரெட்டும் அப்படித்தான். ‘தம் அடிப்பீங்களா’ வேண்டாம், “பீடி பழக்கம் உண்டுங்களா, ஒரு நாளைக்கு ஒரு கட்டு ஆகுமா?” போதும். கொச்சையாகப் பேசினால் மக்களோடு நெருங்கிவிடலாம் என்று புதிதாகத் தமிழ் பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். சினிமா பார்த்துக் கற்றதால் வருவது. புரிந்துகொள்ளத்தான் கொச்சை வேண்டும், பேசுவதற்கு மரியாதையான நாலு வாக்கியம் இருந்தால் போதும்.

இதுவரை சொன்னது வினையாக வருகிற அடி. பெயராக வருகிற அடிக்கு என் பாடு குறைவு, தெலுங்குப் பெண் உதவினாள். தெலுங்கில் ‘அடுகு’ என்றால் எடுத்து வைக்கிற அடி, அளக்கிற அடி, பாத்திரத்தின் அடி மூன்றும்தான். (கேள் என்பதற்கும் அங்கே அதே ஒலி. அது வேறு தலைவலி.) கீழ்ப்பகுதி என்று பிடித்துக்கொண்டால் அடிவயிறு, அடித்தொண்டை, அடிநாக்கு, சோறு அடிப்பிடித்தது எல்லாம் வந்துவிடும். ‘அடிக்கடி’யில் அடிப்பதற்கு ஒன்றுமில்லை, ஒவ்வொரு அடிக்கும் ஓர் அடி, அதாவது திரும்பத் திரும்ப.

வயதான பெண்கள் சொல்கிற ஒன்று மட்டும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது. “அடி இறங்கிப் போச்சு தாயி.” அதைச் சொல்லும்போது அவர்கள் டாக்டர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துச் சொல்வார்கள். தரையைப் பார்த்ததால் அவர் காலைக் காட்டுகிறார் என்று நினைத்து, கணுக்காலை அழுத்தி வீக்கம் பார்த்த பெண்ணும் எங்கள் மாடியில் இருந்தவள்தான். கர்ப்பப்பை கீழே இறங்கியதைத்தான் அந்தத் தலைமுறை அப்படிச் சொல்கிறது. வருஷக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்ததும் தைரியம் வந்து சொல்கிற வார்த்தை அது. புரியவில்லை என்று இரண்டாவது முறை சத்தமாகக் கேட்டால், பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்காக “கால் வலிம்மா” என்று மாற்றிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அளவும் தடுக்கும். “ரெண்டு அடி நடந்தா மூச்சு வாங்குது” என்பதை எண்ணிப் பார்க்கக் கூடாது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போக முடிகிறதா என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும். ஆனால் “தென்னை மரத்துல முப்பது அடியிலேருந்து விழுந்துட்டான்” என்றால் அது கணக்கோடு சொல்வது. மரம் ஏறுகிறவர்களுக்கும் கொத்தனார்களுக்கும் அடி கண்ணிலேயே தெரியும். முப்பது அடி என்றால் ஒன்பது மீட்டர், முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு பழக, செய்தித்தாளில் மேட்டூர் அணைக் கட்டத்தைத் தினமும் வாசிக்கச் சொன்னேன். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி. முழுக் கொள்ளளவு 120 அடி. எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் “மேட்டூர் எத்தனை அடிங்க?” என்று ஒரு டாக்டர் கேட்டுவிட்டால் போதும், ரத்த அழுத்தம் பார்க்கிற நேரத்துக்குள் சொந்தக்காரர் ஆகிவிடலாம். ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்பது வரை பேச்சு போகும்.

தமிழ் வாத்தியார் வீட்டில் செய்யுள் இல்லாமல் இருக்குமா? ஒரு நாள் யாப்புக்குள்ளும் இழுத்துப் போனேன். இரண்டு சீர் வந்தால் குறளடி, மூன்று சிந்தடி, நாலு அளவடி, ஐந்து நெடிலடி, அதற்கு மேல் கழிநெடிலடி. வேடிக்கை என்னவென்றால் திருக்குறளில் குறளடி கிடையாது, முதலடி நாலு சீர் அளவடி, இரண்டாவது மூன்று சீர் சிந்தடி. இதைக் கேட்டு நான் எதிர்பார்த்த அளவுக்கு யாரும் வியக்கவில்லை. மலையாளப் பையன் மட்டும், கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி என்று சொன்னீர்களே, அது எந்த அடி என்று கேட்டான். நல்ல பையன்.

அடி வராத இடங்களையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மழை பெய்யும், சாரல் அடிக்கும். வயலுக்கு மருந்து அடிப்பார்கள், உரம் போடுவார்கள், தண்ணீர் பாய்ச்சுவார்கள். மயக்கம் வரும், இல்லை மயக்கம் போட்டு விழுவார்கள். ஊசி போடுவார்கள். மாரடைப்பில் இருப்பது அடி இல்லை, அடைப்பு. மூச்சு அடைக்கும், காது அடைக்கும். ‘அடிக்குது’, ‘அடைக்குது’ இரண்டையும் காதில் பிரித்துக்கொள்ள ஒரு வாரமாவது ஆகிறது. குரலைப் பதிவு செய்து கேட்கவைத்தால் சீக்கிரம் வருகிறது. நோயாளியின் குரலை இல்லை, அண்ணியின் குரலை. அகராதி வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைக் காட்டுவேன். ஒவ்வொரு பொருளுக்கும் இன்றைய பேச்சிலும் எழுத்திலும் உள்ளதுபோல வாக்கியம் இருக்கும். ஆனால் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்த பிறகுதான் அது உதவும்.

இன்னொரு அடி பாக்கி இருக்கிறது. கிராமத்துப் பாட்டி ஒருவர் பெண் டாக்டரைப் பார்த்து “அடி ஆத்தி! இம்புட்டுக் குட்டிப் புள்ளையா டாக்டரு!” என்று கன்னத்தைத் தொட்டிருக்கிறார். அவள் ‘ஆத்தி’யைத் தேடிக் கிடைக்காமல், ‘அடி’யை மட்டும் வைத்துக்கொண்டு, நான் என்ன தப்பு செய்தேன் என்று வந்து நின்றாள். அடியே, அடிப்பாவி, அடி கள்ளி எல்லாம் அந்த வகை. சொல்கிறவர் பெரியவர், கேட்கிறவள் சின்னவள், முகத்தில் சிரிப்பு, இந்த மூன்றும் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். திருப்பிச் சொல்லக் கூடாது. வாய்க்கு வந்துவிட்டதென்று ராஜஸ்தான் பையன் சிஸ்டரைப் பார்த்து “அடியே” என்று சொன்னால் அன்றைக்கே புகார் போகும்.

இந்த வருடம் வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ‘அடி’ முடிந்து ‘போடு’ ஓடிக்கொண்டிருக்கிறது. தையல் போட்டாச்சு, கட்டுப் போட்டாச்சு, ஊசி போட்டாச்சு வரை நன்றாகத்தான் போனது. நேற்று எங்கள் தெருப் பூனை குட்டி போட்டதில் வகுப்பு மறுபடியும் நின்றிருக்கிறது.